தேதி போட்ட இடம்

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இந்த வருடம் நூற்றாண்டு விழா எடுக்கிறார்கள். மலர் ஒன்றும் போடுகிறார்கள். விழாக் குழுவிலிருந்து இரண்டு இளைஞர்கள் பாலக்கரையில் என் வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி நுனியில் மரியாதையாக உட்கார்ந்துகொண்டு, "அய்யாவோட எளிமையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார். அவர்கூட வேலை பார்த்தவங்கள்ல இப்ப இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்றார்கள். என்னென்ன எழுத வேண்டும் என்று ஒரு காகிதத்தில் அவர்களே குறித்துக் கொண்டுவந்திருந்தார்கள். காவிரியில் குளித்தவர், டவுன் பஸ்ஸில் போனவர், கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டவர் என்று அதில் இருந்தது.

அதில் எதுவும் பொய் இல்லை. காவிரியில்தான் குளித்தார், பஸ்ஸில்தான் போனார், சட்டையும் தைத்த சட்டைதான். ஆனால் இந்த எளிமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருவர் பஸ்ஸில் போனார் என்றால் பஸ்ஸில் போனார், அவ்வளவுதான். அவருடைய மேஜையில் என்ன நடந்தது என்று கேட்க ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை? அந்த மேஜைக்குப் பக்கத்து மேஜையில் நான் பத்து வருடம் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் மாணிக்கம். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு, வேலை இல்லாமல் இன்ஸ்டிடியூட்டிலேயே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தேழாம் வருடத் தேர்தல் முடிந்த கோடையில் எங்கள் இன்ஸ்டிடியூட் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்ரீரங்கத்துல புது எம்.எல்.ஏ. ஒரு டைப்பிஸ்ட் கேக்கிறார். போய்ப் பாரு" என்று அனுப்பினார். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வாரத்தில் வேலை பழகிவிட்டது. என்னைத் தட்டெழுத்துக்காகத்தான் எடுத்தார், ஆனால் அங்கே தட்டெழுத்து இரண்டாம் வேலை என்பது அந்த வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

எங்கள் எம்.எல்.ஏ.வின் பெயர் நரசிம்மன். சிவில் வக்கீல். வீடு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருந்தது. தொகுதியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில். ஓட்டுப் போட்டவர்கள் பாலக்கரையிலிருந்தும் அரியமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, மனுவும் கையுமாக வந்து சேர்வார்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிடும். அவர் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய் ஸேவித்துவிட்டு வந்து உட்காருவார். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, முழங்கையைத் தொட்டுப் பேசுவார். குரலை உயர்த்த மாட்டார். முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அது எப்படிச் சாத்தியம் என்று முதல் வாரம் ஆச்சரியப்பட்டேன். வேலை, இடமாற்றம், பட்டா, ஹாஸ்டலில் இடம், ஆஸ்பத்திரியில் படுக்கை என்று வந்தவர் அத்தனை பேருக்கும் சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. நான் அடித்து அடித்து விரல் வீங்கியது. சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் போன பிறகு அவரே கூப்பிட்டு விளக்கினார்.

"மாணிக்கம், இத்தனை பேருக்கும் நான் கையெழுத்துப் போடறேன். அத்தனையும் நடக்கணும்னா நடக்கிற காரியமா சொல்லு?"

"இல்லைங்க சார்."

"எது நடக்கணும், எது சும்மா போகணும்னு அதிகாரிக்குத் தெரியணுமோ இல்லியோ? அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். சும்மா போற லெட்டர்னா தேதியை வலது கை மூலையில, மேல அடி. எல்லாரும் போடற மாதிரி. நடக்கணும்னா மேல தேதி கிடையாது. என் கையெழுத்துக்குக் கீழே, இடது ஓரமா அடி. அதிகாரிகளண்ட நேர்ல சொல்லி வெச்சிருக்கேன்."

"எது எந்த லெட்டர்னு எனக்கு எப்படிங்க சார் தெரியும்? அவங்க எதிர்லயே உக்காந்திருப்பாங்களே."

அவர் சிரித்தார். "வந்தவாளுக்கு நான் காபி கொடுக்கச் சொன்னா மேல் தேதி. கொடுக்கச் சொல்லலைன்னா கீழ்த் தேதி. நடக்கப் போறவனுக்குக் காரியமே கிடைக்கிறது. நடக்காதவனுக்குக் காபியாவது கிடைக்கட்டுமே."

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மனசார, அது ஒரு தர்மம் என்று நினைத்துத்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் நான் மறுநாளே ஓடிப்போயிருப்பேன். இவர் உள்ளே திரும்பி, "காபி கொண்டா" என்று குரல் கொடுப்பார். வீட்டார் குடிக்கிற பாத்திரத்தில் இல்லை, தனியாக எடுத்து வைத்த கண்ணாடி டம்ளரில் காபி வரும். பாலக்கரையிலிருந்து வந்த தோல் மண்டிக்காரரோ, அரியமங்கலத்து லேத்துப் பட்டறைக்காரரோ, ஸ்ரீரங்கத்து வக்கீல் வீட்டில் நமக்குக் காபி கொடுத்தார்கள் என்று உருகிப்போய்க் குடிப்பார். நான் பக்கத்து மேஜையில் வலது கை மூலைக்கு உருளையைத் தள்ளித் தேதியை அடிப்பேன். எம்.எல்.ஏ. மத்தியானம் கடிதங்களை மொத்தமாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்க்க மாட்டார். நான் உறையிலிட்டு ஒட்டி, வந்தவர் கையிலேயே கொடுப்பேன். அவர் அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு போவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்தாலும் தெரியாது.

சட்டசபைக் கூட்டம் நடக்கும்போது என்னையும் பட்டணத்துக்கு அழைத்துப் போவார். அங்கே நான் அவருடைய கேள்விகளை அடித்துக் கொடுப்பேன். எந்த மந்திரிக்கு, என்ன கேள்வி, பதில் வந்தால் அதன்மேல் என்ன துணைக் கேள்வி என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல அடிக்கும்போது, உண்மையாகவே பெருமையாக இருக்கும். திருவானைக்காவல் பக்கம் வெள்ளம் வந்தபோது அவர் கேட்ட கேள்விகளில் மந்திரி திணறியதை நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திறமை இல்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

இரண்டு வருடம் சொன்னபடியே செய்தேன். பிறகு திருவானைக்காவலிலிருந்து கண்ணப்பன் என்று ஒரு நெசவாளி வந்தார். புருஷனை இழந்த மகளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கேட்டு வந்தவர் அவர். முதல் தடவை காபி குடித்துவிட்டுக் கடிதத்தோடு போனார். மறுபடி வந்தார், மறுபடி காபி. ஏழு தடவை வந்தார். ஏழு கடிதம் போயிற்று. எட்டாம் தடவை அவர் என் மேஜைக்கு முன்னால் நின்று, "ஏழு லெட்டர் குடுத்திருக்காருங்க அய்யா. எந்த எம்.எல்.ஏ. இப்படிக் குடுப்பாரு தம்பி? அந்த ஆபீசருங்கதான் மனசு வைக்க மாட்டேங்கிறாங்க" என்றார். சொல்லும்போது கண் கலங்கினார். எனக்கு அந்த மனிதரை உலுக்க வேண்டும்போல இருந்தது. உள்ளேயிருந்து காபி வந்துகொண்டிருந்தது. நான் எட்டாவது கடிதத்தில் மேலே தேதி போடாமல், கையெழுத்துக்கு இடம் விட்டு, கீழே போட்டேன்.

எம்.எல்.ஏ. வழக்கம்போலப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பத்து நாளில் அந்தப் பெண் வேலைக்குப் போய்விட்டாள். அத்தனை நாள் அலைச்சல், ஒரு வரியை நாலு அங்குலம் கீழே தள்ளியதில் முடிந்தது. கண்ணப்பன் வாழைத்தாரோடு வந்து எம்.எல்.ஏ.வின் காலில் விழுந்தார். எம்.எல்.ஏ.வுக்கு இது எப்படி நடந்தது என்று புரியவில்லை. ஆனாலும் அவரைத் தூக்கி நிறுத்தி, "எல்லாம் ரங்கநாதன் செயல்" என்றார்.

அதோடு எனக்கு ருசி கண்டுவிட்டது. ஒரு பைசா யாரிடமும் வாங்கியதில்லை. ஆனால் காசு வாங்குகிறவனுக்குக்கூட ஒரு பயம் இருக்கும், எனக்கு அதுவும் இல்லை. நியாயம் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு பார்வை பார்த்து, இவருக்குக் கீழே, அவருக்கு மேலே என்று நானே தீர்மானிக்க ஆரம்பித்தேன். முக்கியமாகக் காசநோய்க்காரர்கள் விஷயத்தில். எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரம் ரயிலில் போனால் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் ஆலோசனைக் கமிட்டியில் எங்கள் எம்.எல்.ஏ.வும் ஒருவர். அங்கே படுக்கை கேட்டு வருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். படுக்கைகள் குறைவு என்பதால் அவர் பெரும்பாலோருக்குக் காபிதான் கொடுப்பார். கூடத்தில் ஒருவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமும்போது, அவருக்கு வலது கை மூலையில் தேதி போட என் விரல் வரவில்லை. இருமியவர்களுக்கெல்லாம் கீழே போட்டேன். படுக்கையும் கிடைத்தது. ஒருவர் படுக்கைக்கான கடுதாசி வந்த அன்றே வந்து என் மேஜைக்கு முன்னால் கைகூப்பி நின்றார். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

பாத்திமா வந்தது ஒரு புரட்டாசி மாதம். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்துக்கொண்டு, கையில் எக்ஸ்ரே உறையோடு கூடத்தின் ஓரத்தில் நின்றாள். பாலக்கரையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் புருஷன் ரஹீம் பாயை எனக்குத் தெரியும். செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். சக்கரத்துக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தே முதுகு வளைந்த மனிதர். எதிரே பார்த்தால் சிரிப்பார், பேச மாட்டார்.

எம்.எல்.ஏ. அவளிடம் முழங்கையைத் தொடும் பேச்செல்லாம் பேசவில்லை. சுருக்கமாகக் கேட்டார்.

"எத்தனை நாளா இருமல்?"

"போன நோன்புலேருந்துங்க. இப்ப ரத்தமும் வருது."

"ஆஸ்பத்திரியில பேர் பதிஞ்சாச்சா?"

"ஆடி மாசமே பதிஞ்சாச்சுங்க. கடுதாசி வரும், வந்ததும் வாங்கன்னாங்க. இன்னும் வரலைங்க."

"குழந்தைகள் எத்தனை?"

"மூணுங்க. மூணும் பொம்பளப் புள்ளைங்க. ஒரே அறைதாங்க. புள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்னு டாக்டர் பயப்படுறாருங்க."

அவர் எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மாணிக்கம், இப்பவே அடி. மத்தியானத்துக்கு வெக்க வேண்டாம்" என்றார். காபி சொல்லவில்லை. நான் அடித்ததும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். தேதி கீழே இருந்தது. கடிதத்தை அவளிடம் கொடுக்கும்போது நான் மெதுவாக, "கவலைப்படாதீங்கம்மா. இந்த லெட்டர் நடக்கும்" என்றேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

மூன்று வாரம் ஆயிற்று. அவள் மறுபடி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு நானே ரயில்ல போயி லெட்டரைக் குடுத்தேன் தம்பி. வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கடுதாசி வரும்னாங்க. அதையேதான் ஆடி மாசமும் சொன்னாங்க."

"லெட்டரை யார்கிட்டக் குடுத்தீங்க?"

"பெரிய டாக்டர் கையிலயே குடுத்தேன். பார்த்தாரு. பார்த்துட்டு ஒரு மாதிரி சிரிச்சாரு."

எம்.எல்.ஏ.விடம் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "என் லெட்டருக்கா? நீயே நேர்ல போய்ப் பார்த்துட்டு வா" என்று என்னை மறுநாள் ரயிலேற்றினார்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர் நெடுநெடுவென்று உயரமானவர். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்து மேஜையில் போட்டார். எல்லாம் எங்கள் கடிதத் தாள். எல்லாம் என் டைப்ரைட்டர்.

"உங்க எம்.எல்.ஏ. என்கிட்ட என்ன சொன்னார்? கீழ்த் தேதி வந்தா மட்டும் பாருங்கன்னார். சரின்னேன். கமிட்டியில இருக்கிறவர், நாளைக்கு என்னைக் கேப்பார். இப்பப் பாருங்க. எல்லாமே கீழ்த் தேதி. இதுல நான் எதை முதல்ல எடுக்கிறது?"

"இந்த ரஹீம் ரொம்ப முடியாதவருங்க டாக்டர். ரத்தம் வாந்தி எடுக்கிறாரு."

"எல்லாருக்கும்தான் ரத்தம் வருது." அவர் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினார். "இதான் நாங்க பேர் பதியற வரிசை. சட்டப்படி இந்த வரிசைப்படிதான் படுக்கை. உங்க ஆள் ஆடி மாசம் பதிஞ்சிருக்கார். இதுலேயே விட்டிருந்தா ஆவணி கடைசியில உள்ள வந்திருப்பார். எந்த லெட்டரும் வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால பதிஞ்சவங்க ஏழு பேர் முன்னால போயிட்டாங்க. ஏழும் உங்க சிபாரிசு."

ஏழு பெயர்களுக்கும் நேரே சிவப்பு மையில் எங்கள் எம்.எல்.ஏ.வின் பெயர் எழுதியிருந்தது. ஏழையும் படித்தேன். ஒருவருக்குத்தான் எம்.எல்.ஏ. காபி கொடுக்காமல் அனுப்பியிருந்தார். மற்ற ஆறு பேருக்கும் கூடத்தில் கண்ணாடி டம்ளர் வந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் ஒருவர்தான் கடுதாசி வந்த அன்று என் மேஜைக்கு முன்னால் கைகூப்பியவர்.

அவர்களும் நோயாளிகள்தான், அவர்களும் பிழைக்க வேண்டியவர்கள்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் நான் ஒருவனை உள்ளே தள்ளினால் வரிசையில் ஒருவன் வெளியே நிற்பான் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கூடத்தில் வந்து இருமியவனை மட்டும்தான் நான் பார்த்தேன். வீட்டில் படுத்துக் கடுதாசிக்காகக் காத்திருந்தவன் என் கண்ணில் படவே இல்லை. அவன் சட்டத்தை நம்பினான். அதற்காக அவனைத்தான் நாங்கள் பின்னுக்குத் தள்ளினோம்.

"ஏன் டாக்டர் வரிசையை மீறுறீங்க?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"நீங்க லெட்டர் எழுதாம இருங்க. நான் மீறாம இருக்கேன்" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, அடுத்துக் காலியாகிற படுக்கை ரஹீமுக்குத்தான் என்று என் எதிரிலேயே எழுதி வைத்தார்.

படுக்கை காலியாகவில்லை. நான் திரும்பி வந்த பதினோராம் நாள் ரஹீம் பாய் அந்த ஒரே அறையில் இறந்துபோனார். அவர் உடலைச் சுமந்த சந்தூக்கின் பின்னால் பள்ளிவாசல் மண்ணறைவரை நடந்தேன். கூட வந்த பட்டறைக்காரர் ஒருவர், "எம்.எல்.ஏ. வீட்லேருந்தே ஆள் வந்திருக்காங்க" என்று இன்னொருவரிடம் பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் எம்.எல்.ஏ.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணப்பனில் தொடங்கி ஏழு பெயர்வரை ஒன்றையும் விடவில்லை. வேலை போகும் என்று நினைத்தேன். போக வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீ பண்ணினது பெரிய தப்பு மாணிக்கம். ஆனா நல்ல மனசோட பண்ணினே. போறது விடு. அவன் விதி."

"விதி இல்லைங்க சார். ஆவணியில அவரு உள்ள போயிருக்கணும். ரிஜிஸ்டர்ல இருக்கு. நான் என் கண்ணால பார்த்தேன்."

நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கேள்வியை அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த கூட்டத்தொடரில் சுகாதார மந்திரியிடம் கேட்பதற்கான கேள்வி. காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்குவது பதிவு வரிசைப்படியா, சிபாரிசின்படியா? வரிசைப்படி என்றால், வரிசையை மீறி ஒதுக்கியது உண்டா? உண்டென்றால் யாருடைய சிபாரிசின்பேரில்? எத்தனையோ கேள்வி அவருக்காக அடித்திருக்கிறேன். நானே எழுதியது அது ஒன்றுதான்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். வக்கீல் அல்லவா, ஓரிடத்தில் பேனாவால் ஒரு சொல்லைத் திருத்தவும் செய்தார். கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிறகு காகிதத்தை நாலாக மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

"கேள்வி நன்னாத்தான் இருக்கு. ஆனா இதைக் கேட்டா மந்திரி என்ன சொல்லுவார்? சிபாரிசு தேவையே இல்லைம்பார். அது பேப்பர்ல வரும். அப்புறம் நம்மண்ட யார் வருவா?"

இந்த வாக்கியத்தை நான் ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தூக்கிச் சுமக்கிறேன். அவர் அதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஊருக்கு உபகாரம் செய்கிறவன் தன் தொழிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். சட்டம் செய்யும் சபையில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு, சட்டப்படி நடந்தால் தன்னிடம் ஆள் வராது என்பது கவலை. காலை ஏழு மணிக் கூட்டம், முழங்கையைத் தொடும் பேச்சு, காபி, கடிதம் எல்லாம் அந்த ஒரு கவலையின்மேல்தான் நின்றது. இதற்குத்தான் நூற்றாண்டு விழா, இதற்குத்தான் மலர்.

அதோடும் நிற்கவில்லை. போவதற்கு எழுந்தவனைக் கூப்பிட்டு, "மாணிக்கம், மேல கீழ இரண்டும் கெட்டுப்போச்சு. இனிமே தேதி எல்லா லெட்டர்லயும் மேலயே இருக்கட்டும். நடக்கணும்னா மாசத்தை எழுத்துல அடி. சும்மா போறதுக்கு நம்பர்ல அடி. நான் எல்லா ஆபீசுக்கும் சொல்லிடறேன்" என்றார்.

நான் என்ன செய்தேன்? சரிங்க சார் என்றேன். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஊரில் வேறு வேலை கிடைக்காமல் இல்லை. டைப்பிஸ்ட்டுக்கு எங்கேயும் வேலை உண்டு. ஆனால் எம்.எல்.ஏ. வீட்டு மாணிக்கம் என்று தெருவில் கூப்பிடுவார்கள், அது வேறு எங்கே கிடைக்கும்? அறுபத்தேழில் அவர் தோற்கும்வரை எழுத்திலும் நம்பரிலும் அடித்துக்கொண்டே இருந்தேன். நானாகத் தீர்மானிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதை ஒரு நேர்மை என்று சொல்லிக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

ரஹீம் பாய் இறந்ததிலிருந்து பாத்திமா இத்தாவில் இருந்தாள். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. அது முடிந்த மறுவாரம், அந்தச் சின்னப் பெண்கள் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் திடுக்கிட்டு எழுந்து நின்றேன். எல்லாம் தெரிந்து கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அது சத்தியம்.

"சலாம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி. எங்களுக்காக ரயிலேறிப் போயிட்டு வந்தீங்க. மவுத்தாகிறப்பகூட அவங்க உங்களைத்தான் சொன்னாங்க. அல்லா உங்களுக்கும் எம்.எல்.ஏ. அய்யாவுக்கும் பரக்கத் குடுக்கட்டும்."

"நான் நல்லது ஒண்ணும் செய்யலைங்கம்மா" என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது. அவள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வருடம், அறுபத்திரண்டில், தேர்தல் வந்தது. பாலக்கரையில் எங்களுக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. கட்சிக்காரர்கள் போக முடியாத சந்துகளில் பாத்திமா போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. வீடு வீடாகப் பெண்களிடம் போய் உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரங்களுக்காகத் தன் ஆளையே ரயிலேத்தி அனுப்பினாருங்க. எந்த எம்.எல்.ஏ. அனுப்புவாரு?" என்று கேட்டாளாம். எங்கள் எம்.எல்.ஏ. அதைக் கேள்விப்பட்டு, "பார்த்தியா மாணிக்கம், ஜனங்களுக்கு நன்றி உண்டு" என்றார்.

ஓட்டுப் போடும் நாளன்று பாலக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, எங்கள் கட்சிப் பந்தலில் நான் உட்கார்ந்திருந்தேன். பட்டியலைப் பார்த்து, வருகிறவர்களின் பெயரையும் எண்ணையும் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வேலை. வெயில் ஏறிய நேரத்தில் பாத்திமா தன் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதினேன். அவர்கள் வரிசையில் போய் நின்றார்கள். யாரோ ஒரு பெரிய வீட்டு அம்மாள் வரிசையைத் தாண்டி முன்னால் போகப் பார்த்தபோது, "வரிசையில வாங்கம்மா, எல்லாருந்தானே நிக்கிறோம்" என்று பாத்திமா சொன்னது பந்தல்வரை கேட்டது.

வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தாள். மை வைத்த விரலை நீட்டிக் காட்டினாள்.

"உங்க சின்னத்துலதான் குத்தியிருக்கேன் தம்பி. நாங்க எல்லாருமே. அய்யாகிட்டச் சொல்லிடுங்க."

"சந்தோஷம்மா, சொல்லிடறேன்" என்றேன். அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் காத்திருந்தார். அவருடைய பெயரைக் கேட்டு, பட்டியலில் தேடி, சீட்டு எழுதினேன்.